வேலைதான் தற்காலிகம், வகுப்பு அல்ல

"பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். இனி நானும் ஏதாவது வேலைக்குப் போகலாமே!" பல இல்லங்களில் தாய்மார்கள் இப்படிப் பேசுவதைக் கேட்கலாம். படித்து, பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலை செய்து, முதல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள் இவர்களில் ஏராளம். பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் வேலை தேடும்போது, அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைகள் படிக்கும் பள்ளிதான். காலையில் பிள்ளைகளோடு போய் மதியம் பிள்ளைகளோடு திரும்பிவிடலாம், பள்ளி விடுமுறையில் வீட்டில் இருக்கலாம் என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்த நேரத்தில், "டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறார், மூன்று மாதத்துக்கு ஆள் தேவை" என்று யாராவது சொன்னால், அதைவிடப் பொருத்தமான வாய்ப்பு வேறில்லை என்றே தோன்றும்.

நல்ல வாய்ப்புதான், ஐயமில்லை. ஆனால் அதில் இறங்குவதற்கு முன்பு தாயும், குடும்பத்தாரும், பள்ளியும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

மலேசியாவில் வேலைக்குப் போகும் வயதில் உள்ள பெண்களில் 2023ஆம் ஆண்டில் சுமார் 56 விழுக்காட்டினரே தொழிலாளர் சந்தையில் இருந்தனர். ஆண்களில் இது 80 விழுக்காட்டுக்கும் மேல். பெண்கள் வெளியே நிற்பதற்கு முதல் காரணம் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும்தான் என்று புள்ளிவிவரத் துறையின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. பெண்கள் படிக்கவில்லை என்பதல்ல காரணம்; படித்த பெண்கள் திரும்பி வருவதற்கான கதவுகள் குறைவு. தற்காலிக ஆசிரியர் பணி அப்படிப்பட்ட கதவுகளில் ஒன்று.

யார் இந்தத் தற்காலிக ஆசிரியர்?

ஓர் ஆசிரியர் ஒரு நாள் மருத்துவ விடுப்பில் போனால், அந்த வகுப்பைப் பள்ளியில் உள்ள மற்ற ஆசிரியர்களே ஆளுக்கு ஒரு பாடவேளையாகப் பார்த்துக்கொள்வார்கள். இதற்கு வெளியிலிருந்து யாரும் அழைக்கப்படுவதில்லை. பிரசவம், நீண்டகால மருத்துவ விடுப்பு போன்ற காரணங்களால் ஒருவர் பல வாரங்கள் வரமுடியாமல் போகும்போதுதான் அவருக்குப் பதிலாக ஒருவர் எடுக்கப்படுகிறார். அவருக்கு நாள் கணக்கில் ஊதியம். விடுப்பில் போனவர் திரும்பி வந்த நாளில் இவருடைய வேலை முடிந்துவிடும்.

ஓர் இடம் காலியாகவே இருந்து, நிரந்தர ஆசிரியர் வரும்வரை ஒருவரை வைத்துக்கொள்வது இன்னொரு வகை. 2000ஆம் ஆண்டுகளில் 'குரு சண்டாரான்' என்று தமிழ்ப்பள்ளி வட்டாரத்தில் எல்லாரும் சொல்லிய தற்காலிக ஆசிரியர்களில் பலர் இந்த வகையினர். பயிற்சி பெறாமலேயே ஆண்டுக் கணக்கில் வகுப்பு நடத்தி, பிறகு பயிற்சிக்குப் போனவர்கள் அவர்களில் உண்டு. அதற்கும் முன்னால், தோட்டப்புறப் பள்ளிகளில் கங்காணியும் கிராணியும் பாடம் சொல்லிக் கொடுத்த காலம் இருந்தது. ஆகவே, பயிற்சி இல்லாத ஒருவர் வகுப்பின் முன் நிற்பது நம் பள்ளிகளுக்குப் புதிய செய்தி அல்ல.

மூன்றாவது வகை, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ பள்ளி வாரியமோ தன் பணத்தில் ஒருவரை அமர்த்துவது. இதில் சம்பளம் கொடுப்பவர் யார், சேமநிதி கட்டுபவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம்.

எந்த வகையானாலும் ஒன்று நினைவில் இருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, ஆசிரியராகப் பதிவு பெற்றவரோ கற்பிப்பதற்கான அனுமதி பெற்றவரோதான் பள்ளியில் பாடம் நடத்த முடியும். "தெரிந்தவர்தானே, நாளைக்கே வந்து நில்லுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பி வகுப்புக்குள் நுழைந்துவிடக் கூடாது. நியமனக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

அம்பாங்கில் இருப்பவர் எங்கே விசாரிப்பது?

அம்பாங் வட்டாரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒரே சாலையின் ஒரு பகுதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்திலும் மறுபகுதி சிலாங்கூரிலும் இருக்கும். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் இருக்கும் பள்ளிகள் சிலாங்கூர் கல்வி இலாகாவின் கீழ் வருகின்றன. எல்லையைத் தாண்டியவுடன் இருக்கும் பள்ளி கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவின் பொறுப்பு. வீட்டு முகவரியைப் பார்த்து விண்ணப்பத்தை ஓர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வேறு அலுவலகத்தின் கீழ் உள்ள பள்ளியிலிருந்து பதிலுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. எந்தப் பள்ளியில் வேலை செய்ய விருப்பமோ அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தித்து, எந்த இலாகாவில் பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்பதே எளிய வழி.

தமிழ்ப்பள்ளி மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டியதில்லை. கணிதம், அறிவியல், ஆங்கிலம் படித்த தாய்மார்கள் அருகில் உள்ள தேசியப் பள்ளிகளிலும் இடைநிலைப் பள்ளிகளிலும் விசாரிக்கலாம். தூரத்தையும் பார்க்க வேண்டும். அம்பாங்கிலிருந்து பிரிக்பீல்ட்சுக்கோ கிள்ளானுக்கோ காலை நெரிசலில் போய், 7.30 மணிக்கு வகுப்பில் நிற்பது என்றால் பொழுது விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளோடு நேரம் செலவிடலாம் என்ற நோக்கமே அங்கு அடிபட்டுப் போகும்.

அடையாள அட்டை, எஸ்.பி.எம். முதல் பட்டம் வரையிலான சான்றிதழ்கள், பழைய வேலைக்கான கடிதங்கள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் தயாராக வைத்திருப்பது நல்லது. பிரசவம் யாருடைய நாள்காட்டியையும் பார்த்து வருவதில்லை. பள்ளியிலிருந்து அழைப்பு வரும்போது பெரும்பாலும் அவசரமாகவே வரும்.

பள்ளி மாறிவிட்டது

பத்து ஆண்டுகளுக்கு முன்பு பார்த்த பள்ளி இன்று இல்லை. 2019இல் ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான மாணவர்களுக்குத் தேர்வுகள் நீக்கப்பட்டன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. இப்போது ஆசிரியரே வகுப்பில் மாணவனைக் கவனித்து, ஒவ்வொரு திறனிலும் அவன் ஆறு அடைவுநிலைகளில் எதை எட்டியிருக்கிறான் என்று பதிவு செய்கிறார். கற்றல் கற்பித்தலுக்கு 2020 முதல் 'டெலிமா' என்னும் இணையத்தளம் பயன்படுகிறது. நாள் பாடத்திட்டம் எழுதும் முறையும் மாறியிருக்கிறது.

"என் பிள்ளைக்கு நான்தானே வீட்டில் சொல்லிக் கொடுக்கிறேன்" என்ற நம்பிக்கை மட்டும் போதாது. வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு. முப்பது பிள்ளைகளை அரை மணி நேரம் ஒரே பாடத்தில் உட்கார வைப்பது வேறு. வேலையில் சேருவதற்கு முன்பு, எடுக்கப்போகும் ஆண்டுக்குரிய பாடநூலையும் கலைத்திட்ட ஆவணத்தையும் ஒருமுறையாவது முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் அனுமதித்தால், அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் வகுப்பில் இரண்டு நாள்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது பல புத்தகங்களைப் படிப்பதற்குச் சமம்.

கட்டொழுங்கு விசயத்திலும் எச்சரிக்கை தேவை. "எங்கள் காலத்தில் டீச்சர் அடித்துத்தான் வளர்த்தார்" என்ற பேச்சை வீட்டோடு விட்டுவிட வேண்டும். மலேசியப் பள்ளிகளில் பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அந்த அதிகாரத்தை ஒப்படைத்தவருக்கும் மட்டுமே உண்டு. மாணவிகளைப் பிரம்பால் அடிப்பதற்கு விதிமுறையில் இடமே இல்லை. தற்காலிகமாக வந்தவர் கோபத்தில் கை ஓங்கினால், அது அவரோடு நிற்காது. பள்ளியின் பெயரும் சேர்ந்து கெடும்.

மூன்று மாதம் என்பது எவ்வளவு?

இந்த வேலையில் முக்கியமாகச் சிந்திக்க வேண்டியது இதுதான். வேலைக்கு வரும் தாய்க்கு மூன்று மாதம் என்பது ஒரு தொடக்கம், ஓர் அனுபவம், கொஞ்சம் வருமானம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முதலாம் ஆண்டு மாணவனுக்கு அது என்ன?

ஒரு பள்ளி ஆண்டில் ஏறக்குறைய 40 வாரங்கள் பாடம் நடக்கிறது என்றால், மூன்று மாதம் என்பது 12 வாரங்கள், அதாவது ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தமிழில் 247 எழுத்துகள். முதலாம் ஆண்டு மாணவன் அகர வரிசையை முடித்து, கி, கீ என்று நகர்ந்து, கெ, கே, கை வரிசைக்கு வரும் நேரத்தில் ஆசிரியர் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு முன்னால் கொம்பு வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது என்பது குழந்தைக்குக் குழப்பமான கட்டம். அடுத்து வரும் கொ, கோ, கௌ இன்னும் கடினம். இந்த வாரங்களில் வகுப்பில் வண்ணம் தீட்டச் சொல்லி நேரத்தைக் கடத்தினால், அந்த மாணவன் இரண்டாம் ஆண்டில் வாசிக்கத் தடுமாறுவான். மூன்றாம் ஆண்டில் அறிவியல் பாடநூலைப் படிக்க முடியாமல் திணறுவான். அப்போது அவனை 'மெதுவாகக் கற்பவன்' என்று சொல்லுவார்கள். அவன் எந்த வாரத்தில் பின்தங்கினான் என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆசிரியையின் பணிதான் தற்காலிகம். மாணவனின் முதலாம் ஆண்டு அவனுக்கு ஒரே ஒரு முறைதான் வருகிறது. "நான் கொஞ்ச நாளைக்குத்தானே" என்ற எண்ணம் தாயின் மனத்திலும் இருக்கக் கூடாது, "அவர் கொஞ்ச நாளைக்குத்தானே" என்ற எண்ணம் பள்ளி நிருவாகத்தின் மனத்திலும் இருக்கக் கூடாது.

இதற்குப் பெரிய செலவோ திட்டமோ தேவையில்லை. விடுப்பில் போகும் ஆசிரியர் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும். பாடம் எதுவரை வந்திருக்கிறது, வாசிக்கத் தெரியாதவர்கள் யார் யார், ல, ள, ழ வேறுபாட்டில் தடுமாறுபவர்கள் யார், இளைப்பு நோய்க்கு மருந்து வைத்திருக்கும் பிள்ளை எது, எந்த இருவரைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது என்பவை அந்தக் குறிப்பில் இருந்தால் போதும். தற்காலிக ஆசிரியையும் வேலை முடிந்து போகும்போது அதே போன்ற ஒரு குறிப்பை எழுதி வைக்க வேண்டும். தான் நடத்திய பாடத்தையும் நடத்த முடியாமல் விட்டதையும் மறைக்காமல் சொல்லிவிட்டால், திரும்பி வருபவர் அங்கிருந்து தொடரலாம்.

வீட்டுக் கணக்கு

வேலைக்குக் கிளம்பும் முன் கணவனும் மனைவியும் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்குக்காக, ஒரு நாள் ஊதியம் 100 ரிங்கிட் என்றும் மாதத்தில் 20 பள்ளி நாள்கள் என்றும் வைத்துக்கொள்வோம். வரவு 2,000 ரிங்கிட். நான்கு வயதுக் கடைக்குட்டிக்குப் பாலர் பள்ளியும் பராமரிப்பும் 600, மூத்த பிள்ளையை மாலை வரை பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு 300, போக்குவரத்துக்கு 200 என்று போனால் மிச்சம் 900. பள்ளி விடுமுறை உள்ள மாதத்தில் வேலை நாள்கள் குறையும். பராமரிப்புக் கட்டணம் அப்படியே நிற்கும். விடுமுறை நாள்களுக்கு ஊதியம் உண்டா, முதல் சம்பளம் எப்போது வரும், சேமநிதியும் சொக்சோவும் கட்டப்படுமா என்ற மூன்று கேள்விகளையும் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஆவணங்கள் பல மேசைகளைக் கடந்து வரும் வேலை இது. முதல் மாதத்துச் செலவுக்கு இந்தச் சம்பளத்தை நம்பியிருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

மிச்சம் குறைவு என்பதற்காக வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு விண்ணப்பப் பாரத்தில் 'அனுபவம்' என்ற கட்டத்தில் எழுத ஒன்று கிடைக்கிறது. ஆனால் அதற்காகத்தான் போகிறோம் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் மாதமே, "இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு அலைச்சலா?" என்ற பேச்சு வீட்டில் எழும்.

பராமரிப்பு விசயத்தில் அலட்சியம் கூடாது. "மூத்தவள் பார்த்துக்கொள்வாள்" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் தம்பியை ஒப்படைத்துவிட்டுப் போவது ஆபத்து. 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம், தக்க கவனிப்பு இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாகவே கருதுகிறது. நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் இடம், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகும் தாய், தன் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியோடு போக வேண்டும்.

சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளியில்

தாய் அதே பள்ளிக்கு ஆசிரியையாக வருவது பிள்ளைக்குப் பெருமையாகவும் இருக்கலாம், சங்கடமாகவும் இருக்கலாம். இயன்றவரை தன் பிள்ளையின் வகுப்பை எடுக்காமல் இருப்பது நல்லது. சின்னப் பள்ளியில் அது முடியாமல் போனால், வகுப்பில் 'டீச்சர்', வீட்டில் 'அம்மா' என்று முன்கூட்டியே பிள்ளையிடம் பேசி வைக்கலாம். தன் பிள்ளைக்குச் சலுகை காட்டக் கூடாது. சலுகை காட்டவில்லை என்று மற்றவர்களுக்கு நிரூபிப்பதற்காகத் தன் பிள்ளையை மட்டும் கடிந்துகொள்ளவும் கூடாது. இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது.

அதைவிட நுட்பமானது இன்னொன்று. நேற்றுவரை பெற்றோர்களின் வாட்சாப் குழுவில் ஒருவராக இருந்தவர், இன்று ஆசிரியர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அடைவுநிலை அவருக்குத் தெரியும். யார் வீட்டில் என்ன சிரமம் என்பதும் காதில் விழும். பள்ளியில் கேட்டதைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் இல்லாதவர் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே எல்லாருக்கும் நல்லது. வேலை மூன்று மாதத்தில் முடிந்துவிடும். வெளியே போன சொல் அந்தக் குடியிருப்பில் ஆண்டுக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்து என்ன?

தற்காலிகப் பணி தானாகவே நிரந்தரப் பணியாக மாறிவிடாது. "கொஞ்ச நாள் செய்தால் எப்படியும் எடுத்துவிடுவார்கள்" என்ற எதிர்பார்ப்பில் ஆண்டுகளைக் கழித்தவர்கள் பலர். அரசுப் பள்ளி ஆசிரியர்களை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம். 2021இல் 18,702 ஆசிரியர்களைச் சிறப்பு முறையில் எடுக்கும் அறிவிப்பு வந்ததைப் போன்ற வாய்ப்புகள் எப்போதாவது வரும். அப்போது தகுதியோடு தயாராக இருப்பவருக்கே பயன். பட்டம் உள்ள தாய்மார்கள், கற்பித்தலுக்கான பட்டதாரிப் பட்டயக் கல்வியை மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே படிக்க முடியும். மூன்று மாத அனுபவம் இதற்குத்தான் உண்மையில் உதவுகிறது. "இந்த வேலை எனக்குப் பிடிக்கிறதா, என்னால் முடிகிறதா?" என்பதற்கு அது விடை சொல்லிவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு லாபமே.

வெளிநாடுகளிலும் இந்தக் கதவு இருக்கிறது. சிங்கப்பூரில், முன்பு ஆசிரியராகப் பயிற்சி பெற்று வேலை செய்தவர்கள் துணைநிலை ஆசிரியர்களாகத் திரும்பி வரத் திட்டம் உண்டு. தமிழ்நாட்டில், கோவிட் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், வீட்டில் இருந்த படித்த பெண்கள் பெரும் எண்ணிக்கையில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். 2022இல் அங்கு பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது, அந்தத் தன்னார்வலர்களுக்கு முன்னுரிமை என்ற பேச்சும் எழுந்தது. சிறு அனுபவம் அடுத்த படிக்கு உதவக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். மனைவி பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் வாரத்தில், காலை 6.30 மணிக்கு யார் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவது என்பதில்தான் இந்த வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பது தெரியும். இரவில் அவர் நாள் பாடத்திட்டம் எழுதும் ஒரு மணி நேரம், சமையல் பாத்திரங்களை வேறு கை கழுவ வேண்டும். "அரை நாள் வேலைதானே" என்று பேசும் வீட்டில், அந்த வகுப்பறைக்கு மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு ஒரு டீச்சர்தான் போவார்.

தலைமையாசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். வந்தவரை வெற்று நாற்காலியை நிரப்பும் ஆளாகப் பார்க்காமல், முதல் நாளே ஓர் அனுபவமுள்ள ஆசிரியரைத் துணைக்குக் கொடுங்கள். அவருக்கு ஆசிரியர் அறையில் ஒரு மேசை கொடுங்கள். மாணவர்கள் முன்னிலையில் "புது டீச்சர்" என்று சொல்லாமல், பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். டீச்சரைப் பள்ளி மதிக்கிறதா என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பத்து ஆண்டுகளாகத் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு தாய்க்குப் பொறுமையும் நேரக் கணக்கும் புதிதல்ல. அழும் பிள்ளையை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பதை எந்தப் பயிற்சிக் கழகமும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு பாடத் தயாரிப்பும் சேர்ந்துவிட்டால், அந்த மூன்று மாதத்தில் கெ, கே, கை வரிசையைத் தடுமாறாமல் வாசிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளையாவது அந்த வகுப்பில் இருக்கும். தன் டீச்சர் நிரந்தரமா, தற்காலிகமா என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.